பெயருக்கு முன்னால் வயதைக் கேட்கிறார்கள்

என் சித்தப்பா மகனுக்கு 34 வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறான். எட்டாம் வகுப்போடு நின்று பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறேன் என்கிறான். போன வாரம் ஒரு டுடோரியலுக்கு அழைத்துப் போனேன். பெயருக்கு முன்னால் வயதைக் கேட்டார்கள். "இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்?" தம்பி பதில் பேசவில்லை. புது நோட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவன், பஸ் ஸ்டாண்டு வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று முதல் கால்வின் பீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்க கோல்ஃப் வீரர். 1943இல் பிறந்த கறுப்பினத்தவர். புளோரிடாவில் பள்ளியைப் பாதியில் விட்டு, வயலில் காய்கறி பறித்தார். பிறகு ஊர் ஊராகப் பிழைக்கப் போகும் பண்ணைக் கூலிகளிடம் காரில் துணிமணி கொண்டுபோய் விற்றார். நம் பக்கத்திலிருந்து புடவை மூட்டையோடு பெங்களூருக்குப் போகும் தவணை வியாபாரிகளுக்கு இந்தப் பிழைப்பு புரியும்.

மட்டையைத் தொட்டபோதே அவருக்கு 23 வயது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்த இடது முழங்கை கடைசிவரை நிமிரவில்லை. இடது கையை மடக்காமல் அடி என்பதுதான் கோல்ஃபின் முதல் பாடம். அவரால் அது முடியவே முடியாது. 32 வயதில், மூன்றாவது முயற்சியில்தான் தொழில்முறைப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றார். மொத்தம் 12 பட்டங்கள். அதில் 11, 1982 முதல் 1986 வரை, 38 வயதுக்கு மேல் வென்றவை. 1981 தொடங்கிப் பத்து ஆண்டுகள், முதல் அடியில் பந்தைப் பாதை பிசகாமல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த மடங்கிய கையோடுதான்!

இவற்றைவிட என் நெஞ்சில் தைத்தது வேறு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணிகளாக மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆட அங்குள்ள கோல்ஃப் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்குப் பள்ளிப் படிப்புச் சான்று வேண்டும். பெயரும் பணமும் வந்த பிறகு, 1982இல், பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வை எழுதித் தேறினார். 1983இல் கோப்பைக்கு ஆடினார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே கடைசி மாவட்டம் எங்கள் தருமபுரி. இங்கே படிக்க வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப எப்படி மனம் வருகிறது? பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, உச்ச வயது கிடையாது. அரசாங்கம் போடாத தடையை நாம் போடுகிறோம்.

நேற்று மண்டி முடிந்து நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் தக்காளிக் கறை போகவில்லை. ஒரே சமன்பாட்டை நான்கு முறை அழித்து அழித்துப் போட்டான். ஐந்தாம் முறை விடை வந்ததும் என்னிடம் காட்டவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.

கணிதம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் வேண்டும். பாலக்கோடு பக்கம் இரவு எட்டு மணிக்கு மேல் நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.