ஜெஃப்ரி ரோஸ் கேட்ட இரண்டாவது கேள்வி

அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு விசாரணை நடத்திவிட்டுத்தான் போனார்கள். என்ன சாப்பிடுவார், நடப்பாரா, ரொம்பக் கோபப்படுவாரா? அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை. பிரஷர் கொஞ்சம் கூடுதல், மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் அளவுதான். ஆனாலும் கேள்விகள் ஓயவில்லை. கடைசியில் அப்பாவே தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் ஜெஃப்ரி ரோஸைப் பற்றி எழுதுகிறேன். லண்டனில் நோய்ப்பரவலியல், அதாவது நோய்கள் மக்களிடையே யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராயும் துறையில் பேராசிரியராக இருந்தவர், 1993-இல் காலமானார். 1985-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டுகிறது. இவருக்கு ஏன் இந்த நோய் வந்தது? இந்த மக்களிடையே ஏன் இந்த நோய் இவ்வளவு இருக்கிறது? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் இரண்டாவதற்கு உதவாமல் போகலாம்.

கென்ய நாடோடிகளின் ரத்த அழுத்தத்தையும் லண்டன் அரசு ஊழியர்களின் ரத்த அழுத்தத்தையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். எவ்வளவு அழுத்தம் எத்தனை பேருக்கு என்று காட்டும் இரண்டு வளைகோடுகளும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்தான், லண்டன் கோடு மட்டும் அப்படியே உயர் அழுத்தப் பக்கம் நகர்ந்து நிற்கிறது. அங்கே யாரோ சிலருக்கு மட்டும் அழுத்தம் ஏறவில்லை, எல்லோருக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. லண்டனுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. ஊரில் எல்லோருமே தினமும் 20 சிகரெட் பிடித்தால், ஆளுக்கு ஆள் அதில் வித்தியாசம் இல்லாததால், நுரையீரல் புற்றுநோயைப் பரம்பரை நோய் என்றுதான் ஆய்வுகள் முடிவு கட்டும் என்கிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா விஷயத்தில் எனக்கு விடை தந்தது இன்னொரு கணக்கு. தாயின் வயது ஏற ஏற, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பும் ஏறும். ஆனால் ரோஸ் காட்டிய புள்ளிவிவரத்தில் அந்தக் குழந்தைகளில் பாதிப்பேர் 30 வயதுக்குட்பட்ட தாய்மாருக்குப் பிறந்தவர்கள். காரணம், குழந்தை பெறுபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். மாரடைப்பும் இப்படித்தான். ஆபத்து மிக அதிகமாக உள்ள சிலரைவிட, சுமாரான ஆபத்தோடு இருக்கும் பல பேரிடமிருந்தே நிறையப் பேர் நோயாளிகளாகிறார்கள். அப்பா அந்தப் பல பேரில் ஒருவர்.

சரி, என்ன செய்வது? ரோஸ் சொன்னது, அந்த வளைகோட்டையே குறைந்த அழுத்தப் பக்கம் நகர்த்துங்கள் என்று. பிரிட்டனில் தொழிற்சாலைகள் ரொட்டியிலும் மற்றப் பொட்டல உணவுகளிலும் உப்பை மெல்ல மெல்லக் குறைத்தன. 2001-இல் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 9.5 கிராம் உப்பு சாப்பிட்டார், 2011-இல் அது 8.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் கோடு நகர்ந்தது. இதில் ஒரு சங்கடத்தையும் ரோஸ் மறைக்கவில்லை. ஊருக்கே பெரிய பலன் தரும் இந்த வழியில் தனி மனிதருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் யாருக்கும் பெரிய ஆர்வம் வராது. அதற்காகத்தான் இந்த வேலையை அரசு எடுத்துச் செய்யவேண்டும் என்கிறேன். நோயாளியிடம் போய் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நியாயமே இல்லை.

போன வாரம் அப்பாவுக்கு ஒரு தாளில் அந்த இரண்டு வளைகோடுகளையும் வரைந்து காட்டினேன். இரண்டாவது கோட்டின் நடுப்பகுதியில், கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில், ஒரு புள்ளி வைத்து, "நீங்க இங்கதான் இருந்தீங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.