‘மல்ஹாலண்ட் டிரைவ்’: இயக்குநர் விடை சொல்லவில்லை

“‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தின் முதல் பாதி கனவு, மறுபாதி நிஜம். இயக்குநர் டேவிட் லிஞ்சே டிவிடியில் எழுதிவிட்டார்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. 2001-இல் வந்த இந்தப் படத்தின் டிவிடியோடு வந்த தாளில் 10 குறிப்புகள்தான் இருந்தன. விடை ஒன்றுகூட இல்லை. கனவு என்பது ரசிகர்களின் வாசிப்பு. வலுவான வாசிப்புதான், ஆனால் லிஞ்ச் கடைசிவரை அதற்கு முத்திரை குத்தவில்லை. பாதி என்ற கணக்கும் பிசகு: திருப்பம் வருவதற்குள் ஏறக்குறைய 2 மணி நேரம் ஓடிவிடும்.

குறிப்புகளில் ஒன்று அங்கி, சாம்பல் கிண்ணம், காபிக் கோப்பையைக் கவனிக்கச் சொல்கிறது. நாயகி டயானின் வீட்டிலிருந்து பியானோ வடிவச் சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துப் போகிறாள். டயானின் காதலி கமிலாவைக் கொல்லும் வேலை முடிந்ததற்கு அடையாளமான நீலச் சாவி அப்போதே மேசையில் கிடக்கிறது. அடுத்து டயானும் கமிலாவும் சோபாவில் இருக்கும் காட்சியில் கிண்ணம் மறுபடி மேசைமேல்! அப்படியானால் அது முன்பு நடந்தது. பலர் குழம்புவது இங்கேதான். காபிக் கோப்பை மதுக் கோப்பையாக மாறும் காட்சி வெட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் காலவரிசை கைநழுவும்.

டிவிடியில் காட்சிக்குக் காட்சி தாவ உதவும் அத்தியாயப் பிரிவு இல்லாததும் பழுதல்ல, லிஞ்ச் கேட்டுக்கொண்டது.