கவலை ஓட்டிய கிணறு

போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எத்தனை பேர் 'கவலைப்படாதீங்க' என்று சொன்னார்கள் என்று எண்ணவில்லை. எல்லாரும் நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நாலாவது நாள் அந்தச் சொல் காதில் விழுந்தாலே எரிச்சலாக வந்தது. படாமல் ஒதுங்கி நிற்க அது என்ன, லாரி வாரி இறைக்கிற சேறா?

வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தா புதிதில்லை. ஊரில் பலருக்குப் பிழைப்பே அதைச் சுற்றித்தான்: லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டல். பக்கத்து பெஞ்சில் கொல்கத்தா பக்கத்துப் பெரியவர் ஒருவர் போனில் யாரிடமோ திரும்பத் திரும்ப 'சிந்தா கொரோ நா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சிந்தா என்றால் கவலை, யோசனை இரண்டும்தான். அதே வடசொல் நம்மிடம் வந்து சிந்தை, சிந்தனை என்று மரியாதையாக மேடையேறிவிட்டது. சரி, அப்படியென்றால் நம்முடைய கவலை எங்கிருந்து வந்தது? அந்த நேரத்தில் யோசிக்கிற விஷயமா என்று கேட்பீர்கள். டாக்டர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கையில் போன் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்திலேயே தேடலாம். கவலைக்கு அங்கே ஒரு பொருள் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. மனவருத்தம், கிளை பிரிகிற வழி, ஒரு காட்டுக் கிழங்கு, கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கருவி. கடைசியைப் பார்த்ததும் ஆயா நினைவுக்கு வந்தாள். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்லும் ஒரே வாக்கியம்: "அவருக்குக் கவலை ஓட்டவே நேரம் பத்தல, கவலைப்படறதுக்கு எங்க நேரம்?" சின்ன வயதில் அது ஏதோ தத்துவம் என்று நினைத்தேன். அவள் கிணற்றைத்தான் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஊர், வேலூரை அடுத்த அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். கிணற்றுமேட்டில் இரண்டு கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மேலே ஒரு உருளை, கீழே வாய்க்காலை ஒட்டி இன்னொன்று. தண்ணீர் மொள்ள இரும்புச் சால் ஒன்று, அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரி நீளமான தோல் குழாய். சாலுக்குத் தடித்த வடம், துதிக்கைக்கு மெல்லிய வால் கயிறு. மாடுகள் கிணற்றிலிருந்து விலகிச் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். துதிக்கை மடிந்தபடியே கூட ஏறும், அதனால் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் சால் இன்னும் கொஞ்சம் உயரப் போகும், வால் கயிறு துதிக்கையைத் தொட்டிப் பக்கம் இழுக்கும், தண்ணீர் தானாகக் கொட்டும். யாரும் கை வைக்க வேண்டாம். மாடுகள் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் இழுவையில் சேரும். அப்புறம் இறங்கி, மாடுகளைத் திருப்பாமல் பின்பக்கமாகவே மேட்டுக்கு நடத்திவர வேண்டும். விடியலுக்கு முன்னால் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதேதான். இவ்வளவு நுணுக்கமான பொறியை யோசித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. தோல் தைத்துக் கொடுத்தவர்களை ஊருக்கு வெளியே வைத்தோம். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

வராந்தாவிலேயே எனக்கு ஒரு கொள்கை பிறந்துவிட்டது. மனசும் இப்படித்தானே, அதே சரிவில் இறங்கி, ஏறி, அதே கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டே இருக்கிறது. நம் முன்னோர் இதைப் பார்த்துத்தான் அதற்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. பதிவே எழுதத் தொடங்கிவிட்டேன். அப்புறம் அகராதியை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தால், நீர் இறைக்கும் கவலை வேறு சொல்லாம். கபிலை என்பதன் திரிபு. தெற்கே அதையே கமலை என்பார்கள். மனக்கவலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒலி மட்டும் ஒன்று.

ஏமாற்றம்தான். முகநூலில் சொல் ஆராய்ச்சி செய்கிற பாதிப் பேர் இந்த இடத்தில் அகராதியை மூடிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. நானும் ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

மூடாததால்தான் மற்றது கிடைத்தது. கிளை பிரிகிற வழி என்ற பொருள்தான் மனக்கவலைக்குப் பக்கத்து வீடு. கவை, கவடு, கவர், பையன்கள் கல் வைத்து அடிக்கிற கவட்டை, எல்லாம் ஒரே குடும்பம். இரண்டாகப் பிரிகிற எதற்கும் இந்தக் 'கவ' வரும். மதுரைக்குப் போகும் கோவலனுக்கு வழி சொல்கிற மறையவன், கொடும்பைக்கு அப்பால் சிவன் கைச் சூலம்போல வழி மூன்றாகக் கவர்க்கும் என்கிறான். (எங்கள் மாவட்டத்துக்கும் இந்த வினை பொருந்தும். 1911இல் சித்தூர் பிரிந்தது, 1989இல் திருவண்ணாமலை, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். கவர்த்துக் கவர்த்து இப்போது மிச்சம் இருப்பது வேலூர்.) கிழங்கும் பழையதுதான். குறுந்தொகை 233இல் கவலைக் கிழங்கு தோண்டிய குழிகளில் கொன்றைப்பூ உதிர்ந்து கிடப்பது, பணக்காரர்கள் பொன் வைக்கிற பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது. அந்தக் கவலையில் துளி வருத்தம் இல்லை.

வள்ளுவர் ஏழாம் குறளில் 'மனக்கவலை' என்கிறார். இத்தனை நாள் அந்த 'மன' சும்மா வந்தது என்று நினைத்திருந்தேன். கவலை எங்கே, மனசில்லாமல் முழங்காலிலா வரும்? ஆனால் வழியிலும் ஒரு கவலை, காட்டிலும் ஒரு கவலை இருந்த காலத்தில், எந்தக் கவலை என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். இது என் ஊகம். இலக்கணம் தெரிந்தவர்கள் அடிக்க வரலாம்.

அன்றைக்கு எங்கள் நிலைமை இதுதான். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்யலாம், வயசுக்கும் சர்க்கரைக்கும் அதில் ஆபத்து உண்டு. மாத்திரையிலேயே வைத்துப் பார்க்கலாம், அதிலும் உண்டு. இரண்டையும் டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார். தம்பி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். இரண்டு வழியிலும் கொஞ்ச தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பத்திரிகைகளில் 'கவலைக்கிடம்' என்று எழுதுவார்களே, அதைச் சாவுக்கு ஒரு படி முன்னால் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரி கேட்டது. வழி பிரிகிற இடம். அங்கே நிற்கிறவளிடம் வந்து 'கவலைப்படாதே' என்பது, பிரிகிற வழியை அவள் பார்க்கவே கூடாது என்று சொல்கிற மாதிரி. அப்படிச் சொல்வதைவிட, எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள். என் சிநேகிதி ஒருத்தி அதைத்தான் செய்தாள். காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பன்னும் டீயும் வாங்கிவந்தாள்.

ஐந்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டோம். ஆபரேஷன். அதற்கப்புறம் பயம் வந்தது, பயங்கரமான பயம். ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்த அந்த இழுவை நின்றுவிட்டது. ராத்திரி பெரியம்மா போன் செய்து வழக்கமானதைச் சொன்னபோது எரிச்சல் வரவில்லை.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வாசல்வரை நடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையெல்லாம் சொன்னேன். சிலப்பதிகாரத்துக்கும் குறுந்தொகைக்கும் ம் கொட்டினார். தாத்தா வடத்தில் உட்கார்ந்து கவலை ஓட்டியதைச் சொன்னதும் நிறுத்தினார்.

"உங்க தாத்தா எங்க உட்கார்ந்தாரு? அவரு கழனியில மடை திருப்பிக்கினு இருப்பாரு. கரண்ட் மோட்டார் வர்ற வரைக்கும், ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஓட்டினது நான்."

ஆயா இதை என்னிடம் சொன்னதே இல்லை. நெஞ்சில் கட்டுப் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, சால் தூக்க எத்தனை நடை ஆகும், எந்த மாடு சண்டித்தனம் செய்யும் என்று மத்தியானம்வரை பேசிக்கொண்டிருந்தார். மாத்திரை போட மறந்துவிட்டோம், அம்மா வந்து திட்டினாள்.