டேஸ்ட் என்றால் ரோரியும் இரண்டு பக்கவாத்தியமுமா?

அயர்லாந்துக் கிடார் கலைஞர் ரோரி கேலகரின் ரசிகர்கள் பலர், அவருடைய தொடக்க கால மூவர் ராக் குழுவான டேஸ்டை முன்கதைச் சுருக்கம் போலத்தான் சொல்வார்கள். ரோரி வாசித்தார், கூட இரண்டு பேர் பக்கவாத்தியம், 1970 கடைசியில் கலைந்தது, பிறகுதான் அசல் ரோரி கிளம்பினார் என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1968 முதல் 1970 வரை இருந்த டேஸ்டில் கிடார், பேஸ் (கீழ் சுரங்களுக்கான கிடார்), டிரம்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நின்றன. அந்தச் சரிசமம் அவருடைய பிற்காலக் குழுக்களில் கிடையாது.

அயர்லாந்தில் அன்று கொடிகட்டிப் பறந்தவை ஷோபேண்டுகள். ஒரே மாதிரி கோட்டு சூட்டு, பித்தளை வாத்தியங்கள், ஏழெட்டுப் பேர், நடனக்கூடங்களில் மணிக்கணக்காக அந்த வாரத்து ஹிட் பாடல்கள். தவக்காலத்தில் நடனக்கூடங்களை மூடிவிடுவதால் பிழைப்புக்கு இங்கிலாந்து போய்விடுவார்கள். கார்க் நகரத்துப் பையன் ரோரி 15 வயதிலேயே அப்படி ஒரு குழுவில் சேர்ந்து தொழில் பழகியவர். 1966-இல் அதே ஊர்க்காரர்களான எரிக் கிட்டரிங்ஹாம் (பேஸ்), நார்மன் டேமரி (டிரம்ஸ்) இருவரோடு டேஸ்டைத் தொடங்கினார். அடுத்து வடக்கு அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டின் மாரிடைம் கிளப்பில் வாசித்தார்கள். 1968-இல் அந்த இருவருக்குப் பதிலாக ரிச்சர்ட் மெக்ராக்கன் (பேஸ்), ஜான் வில்சன் (டிரம்ஸ்) வந்தார்கள். இருவரும் வடக்கு அயர்லாந்துக்காரர்கள். வில்சன் அதற்கு முன்பே 'தெம்' குழுவில் வாசித்தவர்.

அந்த வருடம் நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் குழுவின் விடைபெறும் கச்சேரியில் அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தார்கள். 1969-இல் பிளைண்ட் ஃபெய்த் குழுவோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள்.

ஆள் மாறியதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 'பிளிஸ்டர் ஆன் த மூன்' பாட்டு கார்க் மூவரின் பழைய டெமோவிலும் (மாதிரிப் பதிவு) இருக்கிறது, 1969-இல் வந்த முதல் ஆல்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, கிடாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூவர் குழுவுக்கு உள்ள பெரிய சிக்கலே கிடார் சோலோ தொடங்கும் இடம்தான். ரிதம் கிடார் கிடையாது, கீபோர்டு கிடையாது, அந்த நொடியில் நடுவே பெரிய ஓட்டை விழும். பழையதில் பேஸ் கிடாரின் பின்னாலேயே நடக்கும். மெக்ராக்கன் அப்படி நிற்பதில்லை. மேலே ஏறி இறங்கித் தனியாக ஒரு ராகம் போட்டு அந்த இடத்தை அடைத்துவிடுவார். வில்சன் தாளத்தைச் சும்மா தட்டிக்கொண்டிருக்காமல் ரோரி விட்ட வாக்கியத்துக்கு ஸ்னேர் டிரம்மில் பதில் சொல்வார். 1970 ஜனவரியில் வந்த 'ஆன் த போர்ட்ஸ்' ஆல்பத்தில் ரோரி சாக்ஸபோனும் வாசிக்கிறார், ஜாஸ் பக்கம் தாராளமாகப் போகிறார். பின்னால் ஸ்விங் (ஜாஸின் துள்ளல் தாளம்) தெரிந்த டிரம்மர் இல்லாமல் இது நடக்குமா?

கிடார் விஷயத்துக்கு வருவோம், அதில்தான் எல்லோரும் காசைத் தொலைக்கிறார்கள். ரோரியுடையது 1961 மாடல் சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார், 1963-இல் கார்க்கில் உள்ள க்ரௌலி கடையில் 100 பவுண்டுக்கு வாங்கியது, அதுவும் தவணையில். (2024-இல் ஏலத்தில் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் போய், இப்போது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் வசம்.) டேஸ்ட் காலத்து ஒலி அந்தக் கிடாரில் மட்டும் இல்லை. வாக்ஸ் ஏசி30 ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) நார்மல் சேனல், அதற்கு முன்னால் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர் (மேல் சுரங்களை ஏற்றிவிடும் சின்னப் பெட்டி), இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஒலியில் இருக்கும் அந்தக் கடி.

ரேஞ்ச்மாஸ்டர் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஓசி44 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒன்று, 470கே, 68கே, 3.9கே (கே என்றால் கிலோ ஓம்) ரெசிஸ்டர்கள், 10கே குமிழ் (பொட்டென்ஷியோமீட்டர்), நாலு கெபாசிட்டர். உள்ளே நுழையும் கெபாசிட்டர் 5 நானோஃபேரட். கீழ் சுரங்களை வெட்டுவது அதுதான். சத்தம் காதைக் கூசுகிறது என்றால் அதை 10 ஆக்குங்கள், ஒலிக்குக் கனம் வரும். டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் மல்டிமீட்டர் வைத்தால் மைனஸ் 7 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஜெர்மேனியம் சூட்டுக்கு ஆகாது; கசிவு மின்னோட்டம் கூடி பயாஸ் (அந்தக் கலெக்டர் வோல்டேஜை நிறுத்திவைக்கும் நிலை) நகர்ந்துவிடும். சென்னை மே மாதத்தில் பகலில் சரிபார்த்து வைத்தது ராத்திரி ஏசி அறையில் வேறு மாதிரி கேட்டால் பெடலைத் திட்டாதீர்கள். பாசிட்டிவ் கிரவுண்ட் (பாசிட்டிவ் முனைதான் கிரவுண்டில் சேரும்) என்பதால் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சொருகினால் ஷார்ட் ஆகும். தனியாக 9 வோல்ட் பேட்டரி போட்டுவிடுங்கள். கிடார் நேராக இதற்குள் போக வேண்டும், முன்னால் பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் சுற்று) உள்ள பெடல் இருந்தால் தகரம் கீறும் சத்தம்தான் மிஞ்சும். ஆம்பும் ஏற்கெனவே ஒலி உடைந்து கரகரக்கத் தொடங்கும் விளிம்பில் இருக்க வேண்டும். சின்ன ப்ராக்டிஸ் ஆம்பில் மாட்டிவிட்டு "ரோரி டோன் வரலையே" என்று புலம்புவதில் அர்த்தமே இல்லை. பூஸ்ட்டை ஏற்றி வைத்துவிட்டு, மீதியைக் கிடாரின் வால்யூம் குமிழால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக வந்தாலும், கூட வாசிக்கும் பேஸ்காரர் மூல சுரத்தையே குத்திக்கொண்டிருந்தால் டேஸ்ட் வராது.

1970 ஆகஸ்ட் 28, ஐல் ஆஃப் வைட் விழா மேடையைப் பாருங்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் இந்தச் சின்ன ஏற்பாடு. 'கேட்ஃபிஷ்' பாட்டில் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டுத் திரும்ப மேலே ஏற்றும்போது மூவரும் ஒரே சமயத்தில் ஏறுகிறார்கள். உள்ளே மேனேஜர் எடி கென்னடியோடு பணத் தகராறு முற்றியிருந்தது, வருடக் கடைசியில் பெல்ஃபாஸ்டில் கடைசிக் கச்சேரி. மெக்ராக்கனும் வில்சனும் 'ஸ்டட்' என்ற குழுவுக்குப் போனார்கள்.

ரோரி அடுத்துப் பிடித்ததும் பெல்ஃபாஸ்ட்காரர்களைத்தான்: பேஸில் ஜெரி மெக்அவாய், டிரம்ஸில் வில்கர் கேம்ப்பெல். மெக்அவாய் இருபது வருடம் கூடவே இருந்தார், அசாத்திய உழைப்பாளி. ஆனால் 1971 ஆல்பத்தின் முதல் பாட்டு 'லாண்ட்ரோமேட்'டைக் கேளுங்கள். கிடார் போடும் ரிஃப்பையே (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசை வரி) பேஸும் அச்சுப்பிசகாமல் போடுகிறது. நல்ல ராக், மறுக்கவில்லை. எதிர்வார்த்தை பேசும் பேஸ் மட்டும் அதில் இல்லை.