திங்கள் தொடக்கம் பாக் சோதனையாம்

போன கிழமை மகளின்ர பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம். "வாசலைச் சுத்தியிருக்கிற கடையளில கண்ட ஆபாசக் குப்பையெல்லாம் விக்கினம், கடுமையான சட்டம் வேணும்" எண்டு ஒரு ஐயா எழும்பிக் கத்தினார். எல்லாரும் கைதட்டிச்சினம். நானும் தட்டினன். திங்கள் தொடக்கம் பிள்ளையளின்ர பாக்கைச் சோதிக்கிறதெண்டும் முடிவாச்சு. கொஞ்சம் கழிச்சுத்தான் உறைச்சுது.

இலங்கையில சட்டம் இல்லாமலில்லை. வெள்ளைக்காரன் போட்ட 1927ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. பகிடி என்னெண்டால், எது ஆபாசம் எண்டு அதில வரைவிலக்கணமே இல்லை. நாங்கள் படிக்கேக்க அது பிடிக்கக்கூடிய சாமான் பொலித்தீன் உறையுக்கை தொங்கின புத்தகந்தான். (எங்கட வகுப்பில ஒண்டு பூமிசாத்திரக் கொப்பிக்குள்ள கைமாறித் திரிஞ்சது, அதை விடுவம்.) இப்பத்தைய பெடியளுக்குக் கடையே தேவையில்லை. கொரோனா நேரம் சூம் வகுப்புக்கெண்டு கடன்பட்டுப் போன் வேண்டிக் குடுத்தது நாங்கள்தானே.

ஆனா 1995இல தண்டனைச் சட்டக் கோவையில ஒரு பிரிவு சேர்த்தவை, 286அ. பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஆபாசமாப் படமெடுத்தாலோ, அதை மற்றவைக்குக் காட்டினாலோ, பரப்பினாலோ 2 தொடக்கம் 10 வருசம் உள்ள போகலாம். அந்த நாளைய ஸ்ரூடியோக்காரருக்கும் அதில கடமை இருக்கு: கழுவக் குடுத்த பிலிமில அப்பிடி ஒரு படத்தைக் கண்டால் உடன பொலிசுக்குச் சொல்ல வேணும். 2006இல கணினிச் சேவை குடுக்கிறவையளுக்கும் அதே மாதிரிக் கடமை வந்திட்டுது. இந்தச் சட்டத்தில படத்தில இருக்கிற பிள்ளை குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்ட ஆள்.

எங்கட ஊரில நடக்கிறது நேர்மாறு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளையின்ர படம் வட்ஸ்அப்பில சுத்தினது. அனுப்பினவன் ஆரெண்டு வகுப்புக்கே தெரியும். பள்ளிக்கூடம் தாயைக் கூப்பிட்டு, "பேர் கெட்டுப்போகும், விடுகைப் பத்திரத்தை எடுங்கோ" எண்டது. தாயும் வாய் திறக்கேல்லை, கோயிலடியில சனம் என்ன கதைக்கும் எண்ட பயம். பரப்பினவன் அதே வாங்கில இருந்து சாதாரணதரம் எழுதினவன். பொலிசுக்கு ஒருத்தரும் போகேல்லை. ஒரு கூட்டமும் கூடேல்லை.

கூட்டம் முடிய நான் எழும்பி, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929 எண்ட தொலைபேசி இலக்கத்தை வாசல் பலகையில பெரிசா எழுதி விடுவமோ எண்டு கேட்டன்.

"அதை வாசலில எழுதினால் பாக்கிற சனம் இஞ்ச ஏதோ நடந்திருக்கெண்டெல்லோ நினைக்கும்" எண்டினம்.