பருப்பையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள்

காசநோயாளி இருக்கும் வீட்டில் கூட வசிப்பவர்களுக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு இது. 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இதே பலன் ஒரு புதுத் தடுப்பூசியில் கிடைத்திருந்தால் எல்லா நாளிதழிலும் முதல் பக்கச் செய்தியாகியிருக்கும். அரிசி பருப்பு என்பதால் பேசாமல் கடந்துவிட்டோம். அந்த ஆதங்கத்தில்தான் இந்தப் பதிவு.

தடுப்பூசி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிசிஜி ஊசி காசநோயிலிருந்து உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர்ப் பக்கம். 1968-ல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. யாரும் விரும்பாத முடிவு, ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். (குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளிலிருந்து பிசிஜி காக்கிறது. பிறந்த குழந்தைக்கு அதைப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.)

அதற்கும் முன்னால், 1956-ல், சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. அன்று டிபி என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குகிற பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால் படுக்கைகள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியைக் கேட்டார்கள். படுக்கை கிடைக்காதவர் தன் ஓட்டு வீட்டிலோ குடிசையிலோ இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டால் குணமாவாரா?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தவர்கள், குறைவாகச் சாப்பிட்டவர்கள். கூட இருந்த குடும்பத்தினரை ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில், நோயாளியை வீட்டில் வைத்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றும் தெரிந்தது. 1959-ல் முடிவுகள் வெளியானபின் உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை திசை மாறியது. பணக்கார நாடுகளின் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் ஏழை நோயாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதைப் படித்த விதத்தில் ஒரு பெரிய கோளாறு நடந்துவிட்டது என்றும் நினைக்கிறேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குறைந்த உணவிலும் கிருமி சாகும் என்றுதான் சென்னை ஆய்வு காட்டியது. ஒருவருக்கு ஏன் நோய் வருகிறது, யார் பிழைக்காமல் போகிறார், குணமானவரின் உடம்பு திரும்ப வேலைக்குத் தாங்குமா என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றைக் கேட்காமலேயே 'மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை' என்ற எண்ணம் திட்டங்களுக்குள் ஊறிவிட்டது. மாத்திரையை எண்ணிக் கொடுக்க ஏற்பாடு வந்தது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏற்பாடு வரவில்லை.

என் அத்தை காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி திரும்பும். "மாத்திரை போட்டதிலிருந்து பசி வயித்தைக் கிள்ளுதுடா. பானையில இருக்கிறது பிள்ளைங்களுக்கே காணாது, நான் எங்க போக?" என்று கேட்டார். அவர் குணமானார். அப்புறம் அவருடைய மூத்த பையனுக்கு வந்தது. ஒரே அறையில் படுத்தவன், ஒரே பானையில் குறைவாகச் சாப்பிட்டவன். அந்த வீட்டுக்கு மாத்திரை வந்தது, சளிப் பரிசோதனைக்கு டப்பா வந்தது, உணவு மட்டும் வரவில்லை. அது யார் பொறுப்பு என்று கேட்க அன்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

இப்போது ஜார்க்கண்டுக்கு வருகிறேன். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் நடந்த இந்த ஆய்வில் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலும் பழங்குடியினர்: சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் மக்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள், ஏறத்தாழ பாதிப் பேர் ஆபத்தான அளவுக்கு மெலிந்தவர்கள். ஆய்வை வடிவமைத்த விதத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கொடுத்தார்கள், யாரையும் பட்டினியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குடும்பத்தினருக்குக் கொடுப்பதில் மட்டும்தான் இரண்டு பிரிவு: கொடுத்த வீடுகள், கொடுக்காத வீடுகள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. குடும்பத்தினருக்கான பைக்கு ஆன செலவு, 2019 விலையில், ஆளுக்கு மாதம் நானூறு ரூபாய்க்கும் கீழே.

'நம்ம ஜனங்களைச் சோதனை எலி ஆக்குறாங்க' என்று எந்த மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேசினாலும் கமெண்டில் யாராவது எழுதுவார்கள். அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அன்றைய ஆந்திராவின் (இப்போது தெலங்கானா) கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-ல் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், விடுதிச் சிறுமிகளின் ஒப்புதல் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010-ல் அரசு அதை நிறுத்தியது, நாடாளுமன்றக் குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. சிறுமிகளின் மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போட்ட குற்றம் அதனால் சிறிதாகிவிடாது. அந்த ஊசி நல்ல ஊசி என்பது வேறு விஷயம். அதன் மீது மக்கள் நம்பிக்கை வைக்க வருடக்கணக்கில் தாமதமானதற்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆய்வே வேண்டாம் என்றால் நம் கேள்விகளை வேறு யார் கேட்பார்கள்? குடிசையில் மாத்திரை வேலை செய்யுமா என்று லண்டனில் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, உடம்பைக் கொடுத்தவர்களுக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். தமிழ்நாடு இதில் ஓரளவு செய்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில்', நோய் உறுதியானவுடன் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பது. மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே செய்துவிடக்கூடிய வேலை. ஆய்வு ஊர் வந்து சேர்வது என்றால் இதுதான்.

மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வரவேற்கிறேன். ஆனால் குடும்பத்தினருக்கான உணவுப் பையை நன்கொடையாளர்களிடம் விட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் மனம் வைத்தால் பருப்பு, இல்லாவிட்டால் இல்லை. மாத்திரையை நாம் இப்படியா கொடுக்கிறோம்? தடுக்கும் என்று நிரூபித்தபின் அந்த உணவும் சிகிச்சைதான், அதற்கும் அரசு பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. எல்லோருக்கும் ரேஷன் அட்டை இருக்கிற மாநிலம் இது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ஏற்கெனவே கொடுக்கிறோம். காசநோயாளியின் குடும்பத்துக்கு ஆறு மாதம் கூடுதல் பருப்பு, கடலை, பால் பவுடர் இலவசமாகக் கொடுக்கச் சொல்லி ஓர் அரசாணை போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கடை வரிசையில் நிற்கும்போது 'இவங்க வீட்டுல டிபி' என்று ஊருக்குத் தெரிந்தால் பாதிப் பேர் வாங்க வரவே மாட்டார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடு நிச்சயம் வராது. அதனால் அட்டையில் தனி முத்திரை எதுவும் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார், அதே பையில் இதையும் கொண்டுபோகலாம். சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இதை எழுதுங்கள். நான் எங்கள் தொகுதிக்கு எழுதிவிட்டேன். மனுவின் நகல் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.