பத்தடி நகர்த்தினா படுத்துக்கும் ஆர்எக்ஸ்-8

இன்னைக்கும் ஒருத்தர் கேட்டுட்டார். "மஸ்டா ஆர்எக்ஸ்-8 சார். கழுவுறதுக்காகப் பத்தடி நகர்த்தி நிறுத்தினேன். இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேட்டரியா இருக்குமோ?"

பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். இன்னும் அரை மணி நேரம் சாவியைத் திருகிக்கிட்டே இருங்க, அதுவும் போயிடும்.

இந்த ஸ்போர்ட்ஸ் காரோட ரோட்டரி எஞ்சினை 9,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) வரைக்கும் முறுக்கலாமாம், அது சிரிச்சுக்கிட்டே சுத்துமாம். 2003-ல உலகத்தின் சிறந்த எஞ்சின்னு விருதே வாங்கினது. ஆனா பத்தடி ஆகாது. மலைப்பாதையில விரட்டலாம், ரேஸ் டிராக்ல போட்டு வதைக்கலாம், வாசல்ல இருந்து வேப்பமரத்து நிழலுக்கு மட்டும் நகர்த்தக் கூடாது. எந்த ஊர் நியாயம் இது?

அந்தப் பத்தடியைக் கொஞ்சம் நிதானமா ஓட்டிப் பார்ப்போம்.

காலையில எஞ்சின் ஜில்லுனு கிடக்கு. சாவியைத் திருப்புறீங்க. எஞ்சின் ஆறிக் கிடக்கேன்னு கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி வழங்குது. எல்லா காரும் பண்ற வேலைதான். முதல் கியர். கிளச்சை விடுறீங்க. ஒரு அடி. மூணு அடி. பூந்தொட்டியில இடிச்சுடக் கூடாதேன்னு ஸ்டியரிங்கை ஒடிக்கிறீங்க. ஆறு அடி. கண்ணாடியைப் பார்க்குறீங்க. பத்து. பிரேக். மொத்தம் இருபது செகண்ட். "வீணா ஏன் ஓடணும், பெட்ரோல் செலவு"ன்னு பொறுப்பான குடும்பஸ்தனா சாவியை அணைக்கிறீங்க.

தொலைஞ்சுது.

உள்ளே எரியாத பெட்ரோல் தேங்கி நிக்குது. ரோட்டரி எஞ்சின்ல பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டார் ரெண்டு சுத்துது. ஒவ்வொரு முனையிலயும் ஒரு அபெக்ஸ் சீல். அந்த சீலுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான ஆயில் படலம்தான் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே காத்து இறுகுற அழுத்தத்தை, பிடிச்சு வைக்குது. தேங்கின பெட்ரோல் அந்த ஆயிலைச் சுத்தமா கழுவி விட்டுடுது. நீங்க காரைக் கழுவப் போனீங்க, அது உள்ளுக்குள்ள தானே குளிச்சு முடிச்சுடுச்சு.

காரைக் கழுவி, துடைச்சு, மறுபடி சாவி. க்ர்ர்ர்ர். கம்ப்ரஷன் இல்லை. பிளக் நாலும் நனைஞ்சு கிடக்கு, பொறி வராது. க்ர்ர்ர்ர். ஒவ்வொரு தடவையும் இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊத்துது, ஏற்கனவே மூழ்கினவனுக்குத் தண்ணி கொடுக்கிற மாதிரி. க்ர்ர்... க்ர்... பேட்டரி இறங்க இறங்க சுத்துற வேகம் குறையும், வேகம் குறையக் குறைய இருக்கிற கம்ப்ரஷனும் குறையும். ஆரம்ப வருஷக் கார்கள்ல ஸ்டார்ட்டரே மந்தம். கம்பெனியே பின்னாடி வேகமான ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்துச்சு. ஆரம்பத்துலயே வெச்சிருந்தா என்ன கேடு?

இதுக்குள்ள தெருவுல நாலு பேர் கூடியிருப்பாங்க. ஒருத்தர் "ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிங்க"ம்பார். தயவுசெஞ்சு வேண்டாம். மிதிக்கிறதுன்னா ஒரே மிதி, தரையோட. முழுசா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டரைச் சுத்தினா, இது பெட்ரோல்ல மூழ்கிடுச்சுன்னு கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிட்டு இன்ஜெக்டரை நிறுத்தும். பத்து செகண்ட் சுத்துங்க, ஸ்டார்ட்டர் ஆறட்டும், மறுபடி பத்து செகண்ட். ரெண்டு மூணு தடவைக்கு மேல முயற்சி பண்ணிப் பிரயோஜனம் இல்லை.

அதுலயும் வரலைன்னா காரைத் தூக்கி, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றணும். ஆமா, பத்தடி நகர்த்தினதுக்குச் சக்கரம் கழற்றணும். பிளக் அந்த வழியாத்தான் கைக்கு எட்டும். முதல்ல பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்க, பிளக்குக்கு மின்சாரம் தர்ற காயில்களோட கனெக்டர்களை எடுத்துடுங்க. நாலு பிளக்கையும் கழற்றிட்டு ஸ்டார்ட்டரைச் சுத்தினா உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியா வெளியே பீய்ச்சும். அந்த நேரத்துல பீடியோட எட்டிப் பார்க்கிற பெரியவரைத் தள்ளி நிறுத்துங்க. அப்புறம் ஒவ்வொரு ரோட்டாருக்கும் பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில், இல்லைன்னா டூ-ஸ்ட்ரோக் ஆயில். லேசா சுத்த விடுங்க, ரோட்டாரோட மூணு பக்க முகத்துக்கும் பரவட்டும். காய்ஞ்ச பிளக், முழுசா சார்ஜ் ஆன பேட்டரி. ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.

பிளக் மாட்டும்போது ஒரு விஷயம். கீழே ரெண்டு லீடிங், மேலே ரெண்டு டிரெய்லிங். என்ஜிகே கம்பெனி பிளக்ல லீடிங்குக்கு ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. "எல்லாம் ஒரே பிளக்தானே சார்"னு மாத்தி மாட்டுற மெக்கானிக்கை எந்தச் சட்டத்துல உள்ளே போடலாம்னு யாராவது சொன்னா புண்ணியமாப் போகும்.

ஸ்டார்ட் ஆகும்போது வரும் பாருங்க வெள்ளைப் புகை! ஊத்தின ஆயிலும் சைலன்சர்ல தேங்கின பெட்ரோலும் சேர்ந்து, தெருவுக்கே கொசு மருந்து அடிச்ச மாதிரி ஆகிடும். பக்கத்து வீட்டு மாடியில காய்ஞ்ச துணியை எல்லாம் மறுபடி துவைக்கணும்.

இத்தனையும் எதுக்கு? அணைக்கிறதுக்கு முன்னாடி எஞ்சினைச் சூடாக விடாததுக்கு. டெம்பரேச்சர் முள் ஏறுற வரைக்கும் ஓட விடணும். முடியலைன்னா 3,000 ஆர்பிஎம்ல ஒரு பத்து செகண்ட் பிடிச்சு, உள்ளே இருக்கிறதை எரிய விட்டு, அப்புறம் அணைக்கணும். அவ்வளவுதான்! இந்த ஒரு வரியை டேஷ்போர்டுல எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? ரெட்லைன் (எஞ்சின் சுத்தலாம்ங்கிற உச்ச வேகம்) கிட்ட வந்தா மட்டும் பீப்புனு மணி அடிக்கத் தெரியுது இதுக்கு.

டேஷ்போர்டுன்னதும் ஞாபகம் வருது. ஆரம்ப வருஷக் கார்கள்ல ஆயில் பிரஷர் மீட்டர்னு ஒண்ணு இருக்கு. அது மீட்டரே இல்லை, சும்மா ஒரு சுவிட்ச். ஏதோ கொஞ்சம் பிரஷர் இருந்தாலே முள் நடுவுல போய் உக்கார்ந்துக்கும். டெம்பரேச்சர் முள்ளும் அதோட பங்காளிதான். நடுவுலயே நிக்கும், அது அசையறதுக்குள்ள எஞ்சின் வெந்திருக்கும். காரோட கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒண்ணு வாங்கிச் செருகினாத்தான் உண்மையான சூடு தெரியும்.

அடுத்து மெக்கானிக் புராணம். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும். குடிக்கத்தான் செஞ்சிருக்காங்க. சீலுக்கு வழவழப்பு வேணும்னு அடித்தொட்டியில (சம்ப்) இருக்கிற எஞ்சின் ஆயிலையே ஒரு மீட்டரிங் பம்ப் உள்ளே செலுத்துது. ரெண்டு தடவை டேங்க் நிரப்பினா ஒரு தடவை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) எடுத்துப் பார்க்கணும். இதைப் போய் பட்டறையில சொன்னா பதில் தயாரா இருக்கும்: "பிஸ்டன் ரிங் போச்சு சார், வால்வ் சீலும் போச்சு, எஞ்சினை இறக்கிடலாம்." இறக்குங்க சாமி. இறக்கி, பிஸ்டனும் வால்வும் இல்லாத அந்த எஞ்சின்ல பிஸ்டன் ரிங் எங்கே இருக்குன்னு எனக்கும் காட்டுங்க.

இன்னொருத்தர் சாதா கம்ப்ரஷன் கேஜை மாட்டி "சூப்பர் சார்"ம்பார். ஒரு ரோட்டாருக்கு மூணு முகம். அந்த கேஜ் மூணுல எது அதிகமோ அதை மட்டும் பிடிச்சு வெச்சுக் காட்டும். ரெண்டு முகம் செத்துக் கிடந்தாலும் அதுக்குக் கவலையில்லை. ரோட்டரிக்குன்னே இருக்கிற டெஸ்டர் ரெண்டு ரோட்டாருக்கும் சேர்த்து ஆறு எண் கொடுக்கணும். எஞ்சின் சூடா இருக்கும்போது, 250 ஆர்பிஎம் கணக்குல 830 கிலோபாஸ்கல் வந்தா ஆரோக்கியம், 680-க்குக் கீழே போனா பிரிச்சுத்தான் ஆகணும். பழைய கார் வாங்குறவங்க கவனிங்க: "சூடா இருந்தா மட்டும் லேசா லேட்டா ஸ்டார்ட் ஆகும், மத்தபடி பக்கா கண்டிஷன்"னு விளம்பரம் பார்த்தா ஓடிடுங்க. சூட்டுல ஸ்டார்ட் ஆகத் திணறுறது கம்ப்ரஷன் போன அடையாளம், அந்த "லேசா"வோட விலை ஒரு எஞ்சின். சில புத்திசாலிங்க வேகமான ஸ்டார்ட்டரை மாட்டி அதையும் மறைச்சுடுவாங்க.

சும்மா சொல்லலை, அமெரிக்காவுல 2004-ல இருந்து 2008 மாடல் வரைக்கும் ரோட்டரி எஞ்சினோட உள்பாகத்துக்கு வாரண்டியை 8 வருஷம், 1,00,000 மைல்னு மஸ்டாவே நீட்டிக் கொடுத்துச்சு. கடை முதலாளியே கூப்பிட்டு "சாப்பாட்டுல ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு நிக்கிற மாதிரி.

காயில் தனிக் கதை. நாலு காயில், சுமார் 50,000 கிலோமீட்டர்ல சோர்ந்து போகும். ஒண்ணு பொறி விடலைன்னா எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும், கன்வெர்ட்டர் உருகி அடைச்சுக்கும், புகை போக வழியில்லாம சூடு எஞ்சினுக்கே திரும்பும், சீல் போகும். "மூணு நல்லா இருக்கே, ஒண்ணு மட்டும் மாத்துங்க"ன்னு மிச்சம் பிடிக்கிற மகராசங்களே, நாலு காயில், நாலு பிளக், வயர் எல்லாத்தையும் சேர்த்தே மாத்துங்க.

இதுல மெதுவா ஓட்டிக் காப்பாத்தலாம்னும் நினைக்காதீங்க. பொத்திப் பொத்தி ஓட்டினா கார்பன் கட்டி, ரோட்டாரோட பக்கவாட்டுல இருக்கிற சைடு சீல் ஒட்டிக்கும். சூடானப்புறம் தினம் ஒரு தடவையாவது ரெட்லைன் வரைக்கும் முறுக்கணும். ஊர்ல எல்லாக் காரும் விரட்டினா சாகும், இது மட்டும் பாசம் காட்டினா சாகும்.

அட, அந்தப் பின் கதவை மறந்தே போயிட்டேன்! முன் கதவைத் திறந்தாத்தான் பின் கதவு திறக்கும். தெருவே புகையில மூழ்கி, ஓட்டினவர் பதறியடிச்சு இறங்கி, தன் கதவை மட்டும் படார்னு சாத்திட்டு பானெட்டுப் பக்கம் ஓடுறார். பின்சீட்ல மாமியார் உக்கார்ந்திருக்காங்க.